நகராண்மைக் கழகத்தில் ஆராய்ச்சியா?

ஆராய்ச்சி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வெள்ளை அங்கியும் சோதனைக் குழாயும். நகராண்மைக் கழகம் என்றதும் நினைவுக்கு வருவது மதிப்பீட்டு வரியும் கார் நிறுத்துமிடச் சம்மனும் குப்பை லாரியும். இவை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. எனக்கும் இருந்ததில்லை. புள்ளியியல் துறையில் மூன்றாம் ஆண்டு பயிலும் வேளையில், தொழிற்பயிற்சிக்காகச் சிலாங்கூரிலுள்ள ஒரு நகராண்மைக் கழகத்தின் சுகாதாரப் பிரிவுக்கு என்னை அனுப்பினார்கள். “கொசு மருந்து அடிக்கவா இத்தனை வருஷம் படிச்சே?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே ஓர் ஆய்வாளருக்கு என்ன வேலை இருக்க முடியும் என்பதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். நம் நாட்டில் பொதுச் சுகாதாரப் பணி இரண்டு கைகளில் இருக்கிறது. ஒன்று, சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் மாவட்டச் சுகாதார அலுவலகம். மற்றொன்று, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஊராட்சி மன்றங்கள். உணவகங்களின் தூய்மை, சந்தை, கால்வாய், எலி, கொசு எல்லாம் ஊராட்சி மன்றத்தின் தலையிலும் விழுகின்றன. டிங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி மருத்துவர் 24 மணி நேரத்திற்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து நோயாளியின் முகவரி கொசுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வரும். அந்த வீட்டைச் சுற்றி 200 மீட்டர் வட்டத்தில் கொசுப்புழுவைத் தேடுவார்கள், அபேட் மருந்து போடுவார்கள், புகை அடிப்பார்கள். அதே வட்டாரத்தில் 14 நாட்களுக்குள் இன்னொருவருக்கும் டிங்கி கண்டால் அது ‘பரவல்’ எனப் பதிவாகும். பரவல் 30 நாட்களைத் தாண்டினால் ‘ஹாட்ஸ்பாட்’ ஆகிவிடும்.

2019ஆம் ஆண்டில் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர். 2023இல் 123,133 பேருக்குக் கண்டது; 100 பேர் இறந்தனர். இந்த எண்களைச் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஆனால் அந்த ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகே உணர்ந்தேன்.

சரி, ஆய்வாளர் எங்கே வருகிறார்? பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஆய்வாளர் கேள்வியைக் கையோடு கொண்டு வருவார். அனுமதி பெற்று, படிவம் நிரப்பி, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஆய்விதழில் வெளியிடுவார். அதற்குள் அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள். அலுவலகத்துக்கு உள்ளேயே இருக்கும் ஆய்வாளரின் நிலை வேறு. கேள்வி ஏற்கெனவே யாரோ ஒருவருடைய மேசையில் கிடக்கிறது. “புகை அடித்த இடத்திலேயே ஏன் மறுபடியும் மறுபடியும் வருகிறது? திங்கட்கிழமைக் கூட்டத்திற்குள் சொல்ல முடியுமா?” என்பதுதான் அந்தக் கேள்வி. தரவும் அங்கேயே இருக்கிறது; ஆனால் நான்கு வெவ்வேறு கோப்புகளில், நான்கு வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்ட தெருப்பெயர்களோடு. பயிற்சியின் முதல் மூன்று வாரம் நான் செய்தது தெருப்பெயர்களைத் திருத்திய வேலைதான். ஆராய்ச்சி என்று வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

ஆனால் இந்த மாதிரி ஆராய்ச்சி நம் மண்ணுக்குப் புதிதல்ல. அதுவும் நம் தாத்தா பாட்டிமார்களின் உயிரோடு தொடர்புடையது. 1901ஆம் ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்ட அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்றார். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து வேலை செய்தவர் அல்லர் அவர். மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் அரசாங்க ஊழியர். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான ஆதாரத்தை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளானில் காய்ச்சல் தாண்டவமாடியது. அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமில் (இன்றைய போர்ட் கிள்ளான்) தொழிலாளர்கள் சரிந்து விழுந்தனர். வந்தவருக்கெல்லாம் கொயினா கொடுத்துவிட்டு இருந்திருக்கலாம். வாட்சன் நகரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தின் நீரை வடிக்கவும் காட்டை வெட்டவும் அரசாங்கத்தை வற்புறுத்தினார். அக்காலத்தில் நகரங்களை நிர்வகித்தது ‘சானிட்டரி போர்டு’ என்ற வாரியம். இன்றைய நகராண்மைக் கழகங்களின் முன்னோடி அதுதான்.

இதன் பிறகு அவர் செய்ததுதான் என்னைக் கவர்ந்தது. கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 1901இல் 368 பேர். 1902இல் 59. 1905இல் 45. இத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஓர் அதிகாரியின் வெற்றி அறிக்கையாக மட்டும் இருந்திருக்கும். அந்த ஆண்டுகளில் காய்ச்சல் தானாகவே குறைந்திருக்கலாமே என்று யாராவது கேட்டால் பதில் இராது. ஆகவே, வடிகால் வெட்டாத சுற்றுவட்டாரத்தின் கணக்கும் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. அங்கே 1901இல் 266, 1902இல் 227, 1905இல் 351. வேலை செய்த இடத்தில் சாவு சரிந்தது. செய்யாத இடத்தில் சரியவில்லை, ஏறியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகி ஆட்கள் வந்து குவிந்த காலம் அது என்பதால் அந்த ஏற்றத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. மக்கள்தொகையால் வகுக்காத எண் அரை உண்மைதான். இருந்தாலும் அந்த இரண்டாவது வரிசையைச் சேர்த்தவர்தான் என் கண்ணுக்கு ஆய்வாளராகத் தெரிகிறார்.

அந்த 351 பேர் யார்? தோட்டப்புறங்களில் இருந்தவர்களில் பெரும்பான்மையோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாட்சன் பின்னர் அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களின் மருத்துவரானார். குன்றுப்பாங்கான தோட்டங்களில் அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கிள்ளான் சமவெளியில் பலன் தந்த அதே வழி, அதாவது காட்டை வெட்டி நீரோடைகளைத் திறந்துவிடுவது, அங்கே மலேரியாவைக் கூட்டியது. காரணம் கொசு வேறு. சமவெளிச் சதுப்பில் நிழலை விரும்பும் ஒரு வகை அனோபிலிஸ். குன்றுகளில் இருந்ததோ ‘அனோபிலிஸ் மக்குலேத்தஸ்’. தெளிந்த, வெயில் படும் ஓடை நீரில்தான் அது முட்டையிடும். காட்டை வெட்டியவர்கள் அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்! பிறகு நிலத்தடிக் குழாய் வடிகால், எண்ணெய் தெளிப்பு என்று முறைகள் மாறின. தோட்டத்தில் முதுகில் தகரத்தைச் சுமந்து ஓடைக்கு எண்ணெய் அடித்தவர்களைப் பற்றி என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணெய்க்குப் பின்னால் இவ்வளவு பெரிய சங்கதி இருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாட்சன் இவற்றையெல்லாம் 1911இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1921இல் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது.

இடையில் ஒன்று. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர், தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு பெரிபெரி நோய் வருவதையும், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களுக்கு அது அரிதாக இருப்பதையும் கவனித்தார். அரிசியில் ஏதோ நச்சு சேர்வதாக அவர் கருதியது தவறு. தீட்டும்போது போய்விடும் உயிர்ச்சத்துதான் காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் அரிசியைச் சந்தேகித்தது சரி. இதுவும் நோயாளிகளோடு அன்றாடம் இருந்த ஒருவரின் கண்ணில் பட்ட செய்திதான்.

இனி நம் காலத்திற்கு வருவோம். நான் இருந்த பிரிவில் கொசு வேலைக்கு மூன்று வகைக் கணக்குகள் இருந்தன: உறுதியான டிங்கி நோயாளிகளின் பட்டியல், பொதுமக்கள் கொடுத்த புகார்களின் பட்டியல், வீட்டுச் சோதனைப் பட்டியல். சோதனையிலிருந்து ‘ஏடிஸ் குறியீடு’ என்ற ஒன்றைக் கணக்கிடுவார்கள். 100 வீடுகளைச் சோதித்து 6 வீடுகளில் கொசுப்புழு இருந்தால் குறியீடு 6. அந்த 6 வீடுகளிலும் மொத்தம் 9 பாத்திரங்களில் புழு இருந்தால் ‘பிரெட்டோ குறியீடு’ 9. எளிய கணக்குதான், தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கூடப் போட்டுவிடுவார்.

ஆனால் வகுக்கும் எண் எது? இங்கேதான் சிக்கல். 100 கதவுகளைத் தட்டுகிறோம், 40 வீடுகள் பூட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். திறந்த 60இல் 3 வீடுகளில் புழு இருந்தால் குறியீடு 5. பூட்டிய 40 வீடுகள் கணக்கிலேயே இல்லை. தரை வீட்டுக் குடியிருப்பில் காலை பத்து மணிக்குப் போனால் பாட்டியோ பணிப்பெண்ணோ கதவைத் திறப்பார். மலிவு விலை அடுக்குமாடியில் கணவனும் மனைவியும் தொழிற்சாலையில், இரவு வேலை முடித்தவர் உறங்குவார், கதவு திறக்காது. ஆக, நம்மிடம் இருப்பது பகலில் வீட்டில் இருப்பவர்களின் குறியீடு. படிவத்தில் ‘பூட்டிய வீடு’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஒழுங்காக நிரப்பப்பட்டும் இருந்தது. அதை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

அடுத்தது புகார். வழக்கமான சோதனை அட்டவணையைத் தயாரிக்கும்போது புகார் அதிகம் வந்த இடங்களுக்கே முதலிடம் போகும். அதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. புகாருக்குப் பதில் சொல்ல நாள் கெடு உண்டு, புகார் வராத இடத்துக்குக் கெடு இல்லை. குழுவில் இருபது ஆண்டுகளாக வேலை செய்யும் தமிழர் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன்.

“அண்ணே, இந்த அடுக்குமாடிக்கு ஏன் அடிக்கடி போறதில்ல?”

“கம்ப்ளேன் வந்தா போவோம் தம்பி. அவங்க எங்க கம்ப்ளேன் பண்றாங்க? லிஃப்ட் ஆறு மாசமா ஓடல, அதுக்கே கம்ப்ளேன் பண்ணி அலுத்துப் போயிட்டாங்க.”

குடியிருப்பு வாரியாகப் புகார்களையும் நோயாளிகளையும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து அருகருகே வைத்தேன். புகார் வரிசையில் மேலே நின்ற தரை வீட்டுக் குடியிருப்புகள் நோயாளி வரிசையில் மேலே இல்லை. நோயாளி வரிசையில் மேலே நின்ற நான்கு அடுக்குமாடி புளோக்குகள் புகார் வரிசையில் அடியில் கிடந்தன. அவற்றில் குடியிருப்போரில் நம்மவர்கள் கணிசம். தோட்டத்தை மூடியபோது அங்கே வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்.

இந்த அட்டவணையை என் மேற்பார்வையாளரான புவானிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். நல்ல வேலை என்றார். மாதக் கூட்டத்தில் காட்ட முடியாது என்றும் சொன்னார். “அப்படியானால் இத்தனை நாளாக என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொல்லப் போவது நீயல்ல, இந்தப் பையன்கள்” என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அடுத்த மாத அட்டவணையில் அந்த அடுக்குமாடிகள் இடம்பெற்றன, அதுவும் ஆட்கள் வீட்டில் இருக்கும் சனிக்கிழமை காலையில். உள்ளே இருக்கும் ஆய்வாளருக்குக் கிடைக்கும் சம்பளம் இதுதான் என்று நினைக்கிறேன்: தாளில் பெயர் வராது, அட்டவணை மாறும். இதில் ஓர் இழப்பும் உண்டு, அதை மூடி மறைக்கக் கூடாது. எழுதி வைக்காத முடிவு அதிகாரி மாறும்போது கூடவே மாறிப் போய்விடும். அடுத்து வருபவர் மீண்டும் புகார் பட்டியலைத்தான் திறப்பார். வாட்சனின் எண்கள் நூற்றாண்டைத் தாண்டி நம் கைக்கு வந்தது அவை அச்சேறியதால்தானே.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி தேடியிருக்கிறார்கள். 1847இல் லிவர்பூல் நகரம் வில்லியம் ஹென்றி டங்கனைச் சுகாதார மருத்துவ அதிகாரியாக நியமித்ததிலிருந்து பொதுச் சுகாதாரம் அங்கே உள்ளாட்சியின் வேலையாகவே வளர்ந்தது. 1974இல் அது தேசியச் சுகாதாரச் சேவைக்குப் போனது. 2013 ஏப்ரலில் மீண்டும் உள்ளாட்சிக்கே திரும்பியது. 2022இல் அந்நாட்டின் தேசியச் சுகாதார, பராமரிப்பு ஆய்வு நிறுவனம் 13 உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஐந்து கோடி பவுண்டு ஒதுக்கி, ஆய்வு செய்யும் ஆற்றலை உள்ளாட்சிக்குள்ளேயே வளர்க்க வழி செய்தது. பணத்தைப் பல்கலைக்கழகத்திடம் கொடுக்காமல் உள்ளாட்சியிடமே கொடுத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. வீடு, வேலை, சாலை, பள்ளிக்கு அருகே என்ன கடை என்பவைதாம் உடல்நலத்தை முடிவு செய்கின்றன, அவற்றை முடிவு செய்வது உள்ளாட்சி என்பதே அதன் அடிப்படை. நமக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து. பணத்தைவிட, ஆய்வு முடிவை வெளியிடும் உரிமையை எழுத்தில் தருவதுதான் முதலில் வேண்டியது.

மீண்டும் அந்த நான்கு புளோக்குகள். குழுவில் ஆட்கள் போதாது. நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்க இயலவில்லை. இரண்டு இப்போது, இரண்டு மூன்று மாதம் கழித்து என்று புவான் முடிவு செய்தார். எந்த இரண்டு முதலில் என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்கலாமா என்று கேட்டேன். காரணம் இதுதான்: காத்திருக்கும் இரண்டு புளோக்குகளின் கணக்கு, வாட்சனின் அந்த இரண்டாவது வரிசைபோல நமக்குக் கிடைக்கும். நாமாகப் பொறுக்கி எடுத்தால் நிலைமை மோசமானதையோ, வேலை சுலபமானதையோ எடுத்துவிடுவோம். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? ஆள் பற்றாக்குறை என்ற குறையே ஓர் ஆய்வுக்கு வழி திறக்கிறது.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. “அந்த ரெண்டு புளோக்குக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க தம்பி?” என்றார். எல்லாருக்கும் உடனே செய்ய ஆள் இல்லை, எப்படியும் இருவர் காத்திருக்கத்தான் போகிறார்கள்; நோயாளி வந்தால் 200 மீட்டர் வேலை நான்கு புளோக்கிலும் வழக்கம்போல நடக்கும் என்று விளக்கினேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டாரா என்றால், இல்லை. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் இந்தக் கேள்வியை ஒழுக்கநெறிக் குழுவின் படிவத்தில் சந்திப்பார். உள்ளே இருப்பவர் அதை மதிய உணவு வேளையில், கூடவே மாடியேறி இறங்கும் மனிதரின் வாயிலிருந்து கேட்கிறார். சீட்டை அவரையே எடுக்கச் சொன்னோம்.

என் பயிற்சி பதினான்கு வாரத்தில் முடிந்துவிட்டது. ‘பூட்டிய வீடு’ கட்டத்தையும் சேர்த்துக் கூட்டும் கணக்குத் தாளைப் பொதுச் சுகாதார உதவியாளர் ஒருவரிடம் கற்றுக்கொடுத்து ஒப்படைத்தேன். மாதம் ஒருமுறை அவர் எண்களை நிரப்பி வருகிறார். இதுவரை இரண்டு மாதக் கணக்கு வந்திருக்கிறது. மழைக்காலம் தாண்டாமல் எதையும் சொல்வதற்கில்லை.

இத்துறையில் நாட்டம் உள்ள இளையோருக்கு ஒரு செய்தி. மருத்துவம் படித்தவர்கள்தாம் போக வேண்டும் என்பதில்லை. புள்ளியியல், புவியியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சமூகவியல், ஏன், தமிழ் படித்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. சனிக்கிழமைகளில் பல கதவுகள் திறந்தது, “அம்மா, ஊராட்சியிலிருந்து வந்திருக்கோம்” என்று தமிழில் சொன்ன பிறகுதான். தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது பயிற்சித் தொடக்கத்திற்குப் போதிய மாதங்கள் முன்பே எழுதுங்கள். கடிதத்தில் சுகாதாரப் பிரிவு, கொசுக் கட்டுப்பாடு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் உரிமப் பிரிவில் நாய் உரிமப் பாரங்களை அடுக்க வைத்துவிடுவார்கள். என் வகுப்புத் தோழி ஒருவருக்கு அதுதான் நடந்தது.